கோஸ்தான் மாப்பிள்ளை

பெண் கேட்டுப் போகிறவனிடம் என்னென்ன கேட்பார்கள் என்று ஆளாளுக்கு எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். என்ன வேலை, குடி உண்டா, சிகரெட் உண்டா, கல்யாணத்துக்குப் பிறகு அம்மா கூடவே இருப்பாரா. எல்லாவற்றுக்கும் பதிலை மனப்பாடம் செய்துகொண்டுதான் ஈப்போவிலிருந்து செமோருக்குப் போனேன். மலரின் அப்பா இதில் ஒன்றைக்கூடக் கேட்கவில்லை. நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"தம்பி, நீங்க கியர் வண்டி ஓட்டுவீங்கதானே?"

"ஓட்டுவேன் அங்கிள்" என்றேன்.

(பொய் சொல்ல வேண்டும் என்று நான் நினைக்கவே இல்லை. வாய் தானாகத் திறந்து தானாக மூடிக்கொண்டது. என் வாயும் ஆட்டோமேட்டிக்தான்.)

உண்மை என்னவென்றால், என் லைசன்ஸ் ஆட்டோ வண்டிக்கு, அதாவது கியர் தானாக மாறும் ஆட்டோமேட்டிக் காருக்கு மட்டும்தான். முதலில் கியர் வண்டிக்குத்தான் பழகினேன். சோதனையில் 'புக்கிட்' என்று ஒரு மேடு வரும். பாதி மேட்டில் நிறுத்திவிட்டு, வண்டி பின்னால் நகராமல் மறுபடி ஏற்ற வேண்டும். முதல் முறை என் வண்டி மேட்டிலிருந்து இறங்கி, பின்னால் வரிசையில் காத்திருந்தவர்களை நலம் விசாரிக்கப் போனது. இரண்டாம் முறையும் அதே விசாரிப்பு. சொல்லிக் கொடுத்த அண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "நீ ஆட்டோ எடுத்துக்க லா. உனக்கும் நல்லது, எனக்கும் நல்லது" என்றார். எடுத்துக்கொண்டேன்.

இதை மலரின் அப்பாவிடம் சொல்லித் தொலைத்திருக்கலாம். ஆனால் அவர் ஒரு காலத்தில் தோட்டத்தில் ரப்பர் பால் லாரி ஓட்டியவர். தோட்டம் போய், மரம் நின்ற இடத்திலெல்லாம் வரிசை வீடுகள் வந்த பிறகும் அவருக்கு வண்டி என்றால் கியர் வண்டிதான். "ஆட்டோல்லாம் ஒரு வண்டியா? அது லிப்டு. ஏறி நின்னா அதுவா போவும்" என்பார். அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருந்தது. பாரிட் புந்தாரில் நெல் லாரி ஓட்டும் அவருடைய அக்கா மகன் குமரன். மலரை அவனுக்குத்தான் கொடுப்பது என்று ரொம்ப நாளாக மனசில் வைத்திருந்தார். மலர் பிடிவாதமாக நின்றதால்தான் எனக்கு அந்த வீட்டில் உட்கார நாற்காலியே கிடைத்தது. என் குட்டு உடைந்தால் நாற்காலி பாரிட் புந்தாருக்குப் போய்விடும்.

"அப்பாகிட்ட உண்மைய சொல்லிடுங்க" என்று மலர் தினமும் சொன்னாள். "நேரம் பார்த்துச் சொல்றேன்" என்று நானும் தினமும் சொன்னேன்.

நேரத்தை அவரே பார்த்துவிட்டார். பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி இறக்க ஒரு பழைய வேன் வாங்கியிருந்தார். வெள்ளிக்கிழமை போன் வந்தது.

"தம்பி, ஞாயித்துக்கிழமை கோயில்ல வண்டிக்குப் பூசை. நீங்கதான் மொதல்ல எடுக்கணும். வரப்போற மாப்ள கையால எடுத்தா நல்லது லா."

மாப்பிள்ளை என்று அவர் வாயால் சொல்லி அன்றுதான் முதல் முறையாகக் கேட்டேன். நெஞ்சு பூரித்துப் போய் "கண்டிப்பா அங்கிள்" என்றேன். போனை வைத்த பிறகுதான் அந்த வேன் கியர் வண்டி என்பது உறைத்தது.

சனிக்கிழமை முழுக்கக் காணொளி பார்த்துப் படித்தேன். சமையலறையில் ஒரு நாற்காலி. பக்கத்தில் அரிசி டின், அதில் செருகிய தோசைக் கரண்டிதான் கியர். தரையில் மூன்று செருப்பு, ஒன்று கிளட்ச், ஒன்று பிரேக், ஒன்று எண்ணெய், அதாவது ஆக்சிலரேட்டர். கரண்டியை இடது பக்கம் முட்டத் தள்ளி மேலே தூக்கினால் முதல் கியர் என்று காணொளிக்காரர் சொன்னார். முட்டத் தள்ளி மேலே, முட்டத் தள்ளி மேலே என்று மந்திரம் மாதிரிச் சொல்லிச் சொல்லிப் பழகினேன். காப்பி கலக்க வந்த அம்மா காப்பி கலக்காமலேயே திரும்பிப் போனார்.

பழைய தோட்டத்துக் கோயில் இன்னும் அதே இடத்தில்தான் இருக்கிறது, சுற்றிலும்தான் வீடுகள். வாசலில் வேன் மாலை போட்டு, பட்டை பூசி, என்னைவிட மாப்பிள்ளையாக நின்றது. வேனுக்குப் பின்னால் ஒரு மேசை. அதன் மேல் கடலைச் சுண்டலும் ஒரு பெரிய டிரம் ரோஸ் தண்ணீரும். மேசைக்குப் பின்னால் லொங்காங், அதாவது நம் சாக்கடை. இந்த வரிசையை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

பூசாரி சூடம் காட்டி, தேங்காய் உடைத்து, நான்கு டயருக்கும் முன்னால் ஆளுக்கொரு எலுமிச்சம்பழம் வைத்தார். வண்டி முன்னால் போய் அவற்றை நசுக்க வேண்டும், கண்ணேறு அதோடு போக வேண்டும். நம் ஆட்கள் எந்த வண்டி வாங்கினாலும் நடப்பதுதான். உறவு ஜனம் மொத்தமும் நசுங்குவதைப் பார்க்க வேனின் முன்பக்கம் கூடிவிட்டது. பாரிட் புந்தாரிலிருந்து குமரனும் வந்து கைகட்டி நின்றான். மலர் மட்டும் என்னைப் பார்க்காமல் கோபுரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேண்டிக்கொண்டிருந்தாளாம், பிறகு சொன்னாள்.

ஏறி உட்கார்ந்தேன். கியர்க் குமிழின் மேல் ஒன்று, இரண்டு என்று போட்டிருப்பார்களே, அதெல்லாம் முன்னால் ஓட்டியவர் கை பட்டுப் பட்டு அழிந்து வழுக்கையாகியிருந்தது. பரவாயில்லை, நான் படித்தவன். கிளட்சை மிதித்தேன். இடது பக்கம் முட்டத் தள்ளி, மேலே.

வண்டி ஒரு குதி குதித்து அணைந்தது.

"எண்ணெய் மிதிங்க தம்பி! பழைய இஞ்சினு, கொஞ்சம் கூடக் கொடுக்கணும்!" என்று மலரின் அப்பா பாசத்தோடு கத்தினார்.

குதித்தது பின்பக்கமாக என்பதை நான் கவனிக்கவில்லை. பயத்தில் இருப்பவனுக்கு எல்லாக் குதியும் ஒன்றுதான். மறுபடி முடுக்கி, அவர் கேட்டபடியே கொஞ்சம் கூடக் கொடுத்து, கிளட்சிலிருந்து காலைச் சட்டென்று எடுத்தேன்.

காணொளியில் வந்த வண்டிக்கு ரிவர்ஸ் வலது பக்கம் கீழே. இந்த வேனுக்கு இடது பக்கம் மேலே, முதல் கியரையும் தாண்டி. நான் முட்டத் தள்ளிப் போட்டது அதைத்தான். (எங்கள் ஊரில் ரிவர்ஸை கோஸ்தான் என்போம். "கோஸ்தான்! கோஸ்தான்!" என்று அன்று ஊரே கத்தியது. எனக்கு அது உற்சாகப்படுத்துவது போல் கேட்டது.)

எதிரே நின்ற ஜனமெல்லாம் என்னைவிட்டு விலகிப் போவதைப் பார்த்தேன். அவர்கள் ஏன் பின்வாங்குகிறார்கள் என்று யோசிப்பதற்குள் மேசை போனது, சுண்டல் போனது, டிரம் ஆகாயத்தில் எழும்பிக் கவிழ்ந்தது. வேன் பின்டயர் இரண்டையும் லொங்காங்கில் இறக்கிவிட்டு, மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது. நல்லவேளை, பின்னால் ஒரு ஆள் இல்லை. என்னைத் தடுக்க ஓடிவந்த மலரின் அப்பாதான் டிரம்மிடம் மாட்டினார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, மீசை எல்லாம் ரோஸ் நிறம். நான்கு எலுமிச்சம்பழமும் வைத்த இடத்தில் வைத்தபடி, ஒரு கீறல்கூட இல்லாமல் இருந்தன.

குமரன்தான் வந்து கதவைத் திறந்து, "எறங்குங்க மச்சான்" என்று கை கொடுத்தான். பிறகு ஏறி உட்கார்ந்தான். நாலு பேர் பின்னாலிருந்து தள்ள, ஒரே உறுமலில் வேனை மேலே ஏற்றி, போகிற போக்கில் எலுமிச்சம்பழங்களையும் நசுக்கிவிட்டான். ஜனம் கைதட்டியது. மலரின் அப்பா குமரனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. மலரை இழந்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

"லைசன்ச எடு" என்றார். காலையிலிருந்து நீங்க, வாங்க என்றவர்.

எடுத்துக் கொடுத்தேன். கைநீட்டிய தூரத்தில் பிடித்துப் படித்தார்.

"ஆட்டோ."

"ஆமா அங்கிள்."

"எங்கிட்டயே பொய் சொல்லிட்டு எம் பொண்ண கேக்குற."

(என் ஆட்டோமேட்டிக் வாய் தேவையான நேரத்தில் இயங்காது.) அப்போதுதான் மலரின் அம்மா முன்னால் வந்தார். அதுவரை அவர் என்னிடம் "சாப்பிடுங்க தம்பி" என்பதைத் தவிர எதுவும் பேசியதில்லை.

"என்னைய கேட்டு வந்தப்ப நீங்க என்னா சொன்னீங்க? லாரி டிரைவரு. எங்கப்பா அதுக்குத்தான் கொடுத்தாரு. கல்யாணத்துக்கு மறுநாத்தானே தெரிஞ்சிச்சு, நீங்க கெலிண்டான்னு!"

கெலிண்டான் என்றால் லாரியில் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போய், சாமான் ஏற்றி இறக்குகிறவர். கூட்டத்தில் பலருக்கு அது புதுச் செய்தி. ரோஸ் நிற மீசை லேசாக ஆடியது.

"அப்பறம் ஓட்டக் கத்துக்கிட்டேன்ல?"

"இந்தத் தம்பியும் கத்துக்குவாரு. இல்ல தம்பி?"

ஆமாம் என்று சொல்ல வேண்டிய இடம். எந்த மடையனும் சொல்லியிருப்பான். ஆனால் ஒரு பொய்யின் பலன் டிரம் டிரம்மாக எதிரில் சொட்டிக்கொண்டிருந்தது.

"இல்ல ஆன்ட்டி. எனக்கு வராது. ரெண்டு தடவ பார்த்துட்டேன்" என்றேன்.

மலர் தலையில் கை வைத்துக்கொண்டாள். அவளுடைய அப்பா என்னையே பார்த்தார். முதலில் அவருடைய வயிறு குலுங்கியது, பிறகு தோள், அப்புறம்தான் சிரிப்புச் சத்தம் வந்தது. சிரித்து முடித்து, வேட்டி நுனியைப் பிழிந்துகொண்டே சொன்னார்:

"அலாமாக்! சரி போ. கல்யாணம் வேணும்னா பண்ணிக்க. என் வண்டி சாவிய மட்டும் கேட்டுறாத."

இன்றுவரை நான் கேட்டதில்லை. தைப்பிங்கில் உறவுக்காரர் வீட்டு விசேஷம் என்றால் வேனை மலர் ஓட்டுகிறாள், மாமா பக்கத்தில் உட்கார்ந்து வழி சொல்கிறார், நான் பின்சீட்டில் பிள்ளைகளோடு வேர்க்கடலை உரிக்கிறேன். உறவில் என் பெயர் யாருக்கும் தெரியாது. 'கோஸ்தான் மாப்பிள்ளை' என்றால் பாரிட் புந்தார் வரைக்கும் தெரியும்.

போன மாதம் நாங்கள் புது வண்டி வாங்கினோம். ஆட்டோதான். அதே கோயில், ஆனால் பூசாரி புதியவர். அவர் நான்கு டயருக்கும் முன்னால் எலுமிச்சம்பழம் வைத்து நிமிர்ந்தார். மாமா சட்டைப்பையிலிருந்து இன்னும் நான்கை எடுத்து, ஒவ்வொரு டயருக்கும் பின்னால் பொறுமையாகக் குனிந்து குனிந்து வைத்தார்.

"பின்னால எதுக்குங்க?" என்று பூசாரி கேட்டார்.

"மருமகன் எடுக்கப் போறாரு சாமி" என்றார் மாமா. "எந்தப் பக்கம் போவாருன்னு சொல்ல முடியாது."