சோஹார் வில்லாவின் செனட்டர்

அமெரிக்காவின் உள்நாட்டுக் கொள்கைகளை அமெரிக்காவைவிட நேர்மையாக அமல்படுத்திய ஒரே மனிதர், ஓமானில் சோஹார் நகரத்தில் ஏசி ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் அமெரிக்காவுக்குப் போனதில்லை. போகிற ஆசையும் இல்லை. "அங்க போய் என்ன பண்றது? பண்ண வேண்டியதையெல்லாம் அவங்க பண்ணி முடிச்சிட்டாங்க" என்பார்.

பட்டுக்கோட்டைப் பக்கத்துக்காரர். ஐ.டி.ஐ. படித்தவர். பெற்றோர் வைத்த பெயர் ஒன்று பாஸ்போர்ட்டில் இருந்தது. எங்களுக்கு அவர் செனட்டர்தான். நான் அதே கட்டுமானக் கம்பெனியில் டைம்கீப்பர். கம்பெனி எங்களுக்கு எடுத்துக் கொடுத்திருந்த பழைய வில்லாவில் அவருக்கு மேல் கட்டில், எனக்குக் கீழ்க் கட்டில். அதனால் அமெரிக்க வரலாறு எனக்கு எப்போதும் மேலிருந்துதான் இறங்கும்.

எல்லாம் ஒரு புத்தகத்தால் வந்தது. துறைமுகத்துப் பக்கம் ஒரு வெளிநாட்டு இன்ஜினியர் குடும்பம் காலி செய்துவிட்டுப் போன வீட்டில் ஏசி கழுவப் போனார். உடைந்த ஃபேனோடு சேர்த்து வாசலில் போட்டிருந்த தடித்த பாடப்புத்தகத்தை எடுத்துவந்தார். அமெரிக்கப் பள்ளிக்கூடத்து வரலாறு. பின்பகுதி முழுவதும் தண்ணீர் பட்டு அப்பளக் கட்டு மாதிரி ஒட்டிப்போயிருந்ததால், அவருடைய அமெரிக்கா ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபதுகளோடு நின்றுவிட்டது. ஒவ்வொரு பக்கமாக போன் கேமராவைக் காட்டி, அது சொல்லும் தமிழைப் பொறுமையாகப் படிப்பார். போர் வரும் பக்கங்களை மட்டும் புரட்டிவிடுவார். "வெளி விவகாரம் நமக்கெதுக்கு? வீட்ட எப்படி நடத்துனாங்கன்னு பாப்போம்."

வீட்டை நடத்தும் வாய்ப்பு அவருக்கும் வந்தது. எங்கள் மெஸ் லீடர் லீவில் போய்விட்டு வேறு வேலை பார்த்துக்கொண்டு திரும்பாமலே இருந்துவிட்டார். சாமான் வாங்குவது, சமையலுக்கு ஆள் போடுவது, சண்டையை விலக்குவது, இதற்கெல்லாம் ஆள் வேண்டும். எவனும் முன்வரவில்லை. செனட்டர் எலெக்‌ஷன் கேட்டார். எதிர்த்து நிற்க ஆளில்லாததால் அவரே பிரசாரம் செய்து அவரே ஜெயித்தார்.

பதவியேற்ற வாரத்திலேயே கருவாட்டைத் தடை செய்தார். காரணம் நியாயமானதுதான். அடுப்படியில் கருவாடு வறுத்தால் வாசனை ஏசி வழியாக எல்லா ரூமுக்கும் சுற்றி வரும். ஏசிக்காரருக்கு இது தொழில் அவமானம். "அமெரிக்காவுல சாராயத்தையே தடை பண்ணிருக்கான். நாம கருவாட்டத் தடை பண்ணக்கூடாதா?" என்று கேட்டார்.

"தடை பண்ணி என்னண்ணே ஆச்சு அங்க?" என்று கேட்டான் முருகேசன். ஜெயங்கொண்டத்துக் கொத்தனார். அதிகம் பேசமாட்டான். கருவாடு இல்லாமல் அவனுக்குச் சோறு இறங்காது.

"அந்தப் பக்கத்துக்கு இன்னும் வரல" என்றார் செனட்டர்.

பக்கம் வருவதற்குள் வில்லா கெட்டுவிட்டது. அதுவரை கருவாட்டை மோந்துகூடப் பார்க்காத வேதாரண்யத்து எலெக்ட்ரீஷியன் அதைத் தின்ன ஆரம்பித்தான். தெருமுனையில் கடை வைத்திருந்த அதிராம்பட்டினத்து காதர் பாய், நெத்திலியைக் குழந்தைகளின் டயப்பர் கவரில் போட்டுக் கொடுத்தார். ஒரு கைக்குழந்தைகூட இல்லாத வில்லாவுக்கு அத்தனை டயப்பர் போவதைப் பார்த்து, பக்கத்து வீட்டு ஓமானிப் பெரியவர் எங்களைக் கொஞ்சம் கவலையோடு பார்க்கத் தொடங்கினார். மொட்டை மாடியில் ரகசியமாக வறுப்பார்கள். காவலுக்கு ஒருவன் படியில் நிற்பான்.

ஒருநாள் செனட்டர் தன் மெத்தையைப் புரட்டினார். கீழே ஒரு முழுச் சீலாக் கருவாடு. சோதனை போடாத ஒரே இடம் அதுதான் என்று முருகேசன் கணக்குப் போட்டிருந்தான்.

செனட்டர் கோபப்படவில்லை. புத்தகத்தைத் திறந்து உரிய பக்கத்தைக் கண்டுபிடித்தார். எங்களைக் கூப்பிட்டு, "தடையை நீக்கியாச்சு. அவங்களுக்கு இதப் புரிஞ்சுக்கப் பதிமூணு வருஷம் ஆச்சு. நமக்கு ஒரு மாசம்தான்" என்றார். அதைத் தோல்வி என்று யாரும் சொல்ல முடியாதபடி சொன்னார். அன்று சீலாவைப் பங்கு வைத்ததும் அவரே.

அடுத்தது விலைவாசி. காதர் பாய் டீ விலையை ஏற்றினார். அமெரிக்காவில் ஒரு அதிபர் நாட்டிலுள்ள விலை, சம்பளம் எல்லாவற்றையும் தொண்ணூறு நாளைக்கு ஒரே இடத்தில் உறைய வைத்தார் என்று செனட்டர் படித்திருந்தார். நேராகக் கடைக்குப் போனார். நானும் கூடப் போனேன்.

"பாய், டீ விலைய உறைய வைக்கிறோம்."

"உறைய வச்சா எவன் தம்பி குடிப்பான்? சூடா கேக்குறானுவ" என்றார் காதர் பாய்.

"விலையத்தான் சொல்றேன்."

காதர் பாய் யோசித்தார். மறுக்கவில்லை. மறுநாளிலிருந்து பழைய விலைக்கே டீ கிடைத்தது. கிளாஸ் மட்டும் மருந்து குடிக்கும் அளவுக்குச் சின்னதாகியிருந்தது. செனட்டர் அந்தக் கிளாஸை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "அங்கயும் இதேதான் நடந்துச்சு" என்று திருப்தியோடு சொன்னார்.

இப்படிச் சிரித்துக்கொண்டிருந்த காலத்தில்தான் சைட் நின்றது. கம்பெனிக்கும் வேலை கொடுத்தவர்களுக்கும் ஏதோ தகராறு. மறு உத்தரவு வரும்வரை ரூமில் இருங்கள் என்றார்கள். சம்பளம் எப்போது என்று சொல்லவில்லை. வராண்டாவில் நாள் முழுக்கப் பேச்சு. கம்பெனி கலாஸ், முடிஞ்சுபோச்சு என்றான் ஒருவன். விசா கொடுத்த கஃபீல் பாஸ்போர்ட்டைத் தரமாட்டாராம் என்றான் இன்னொருவன். யார் சொன்னது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது.

முருகேசனுக்கு அந்த மாதம் லீவு கிடைத்திருந்தது. ஊரில் பெண் குழந்தை பிறந்திருந்தது. அவன் இன்னும் பார்க்கவில்லை. லீவையும் நிறுத்திவிட்டார்கள். அவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தான். சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால் "பசிக்கல" என்பான். வீட்டிலிருந்து போன் வந்தால் எடுக்கமாட்டான். நாலைந்து நாள் இப்படிப் போனதும் எங்களுக்குப் பயம் வந்துவிட்டது. அவனைத் தனியாக விட்டுவிட்டுக் கடைக்குக்கூடப் போகவில்லை.

செனட்டர் புத்தகத்தோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். "இது பெருமந்தம். அங்கயும் முப்பதுகள்ல நாடே வேலையில்லாம படுத்துக் கெடந்துச்சு. இதுக்கு வழி இருக்கு" என்றார்.

முதல் வேலையாக வராண்டாக் கதவைப் பூட்டினார். "அங்க முதல்ல பேங்க்கையெல்லாம் மூடினாங்க. ஜனங்க பயந்து அடிச்சுக்கிட்டு ஓடுறத நிறுத்தணும்ல. நமக்கு பேங்க் கிடையாது. வாய் இருக்கு. அத மூடுவோம்."

இரண்டாவது, அந்தப் பெருமந்தக் காலத்து அதிபர் ரேடியோவில் மக்களிடம் சாவகாசமாகப் பேசியதைப் போல, சாயங்காலமானால் எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் குரல் பதிவு போட்டார். மேல் கட்டிலில் படுத்துக்கொண்டுதான் பேசுவார். அவர் பேசுவது எனக்கு நேராகவே கேட்கும். ஒரு நிமிடம் கழித்து அதே பேச்சு என் போனிலும் வரும். "வணக்கம் நண்பர்களே. ஆபீசுக்குப் போய் விசாரிச்சேன். பாஸ்போர்ட் எல்லாம் பத்திரமா இருக்கு. சம்பளத்தப் பத்தி அவங்களுக்கே தெரியல. தெரியாதத நானும் சொல்லமாட்டேன். இன்னைக்கு சாம்பார்ல உப்புக் கூடுதல், அதுக்கு நான் பொறுப்பு." விசித்திரம் என்னவென்றால், அதைக் கேட்காமல் எங்களுக்குத் தூக்கம் வராமல் போனது.

மூன்றாவதாகப் பொதுப்பணி. போன மழையில் வில்லாவின் பின்பக்கக் காம்பவுண்டுச் சுவர் இடிந்திருந்தது. பக்கத்து வீட்டு ஆடுகள் அந்த வழியாக வந்து கொடியில் காயும் துணியைத் தின்றுவிட்டுப் போகும். செனட்டர் முருகேசனின் கட்டிலருகே போய் நின்றார்.

"முருகேசா, சுவர் கட்டணும். நீதான் தலைவர்."

"யாருண்ணே கேட்டா அந்தச் சுவர?" என்றான் அவன், திரும்பாமலே.

"யாரும் கேக்கல. அங்கயும் வேலையில்லாதவங்களத் திரட்டி ரோடு, பாலம், பூங்கான்னு கட்ட விட்டாங்க. கையில வேல இருந்தா மனுஷன் நிமிந்து நிப்பான்னு."

"எனக்கு முடியலண்ணே. விடுங்க."

செனட்டர் விட்டுவிட்டார். வெளியே போய் பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் பேசி அனுமதியும் சிமென்ட்டும் வாங்கினார். கிடந்த கல்லை எடுத்துத் தானே அடுக்க ஆரம்பித்தார். நாங்கள் சாந்து குழைத்தோம். மாலைக்குள் ஒரு சுவர் எழுந்தது. அதைச் சுவர் என்று சொல்ல நெஞ்சில் தைரியம் வேண்டும். நடுவில் வயிறு தள்ளி, கர்ப்பிணி மாதிரி பக்கத்து வீட்டைப் பார்த்து நின்றது.

ஜன்னலுக்கு நேராகத்தான் முருகேசனின் கட்டில். எவ்வளவு நேரம் பார்த்தானோ தெரியாது. எழுந்து கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தான். சுவரை ஒரு கையால் தள்ளினான். அது மறுப்பே சொல்லாமல் விழுந்தது.

"தள்ளுங்கண்ணே. நூல் பிடிக்காம யாராச்சும் கல்லு வைப்பாங்களா?"

"எனக்கு ஏசிதானே தெரியும்" என்றார் செனட்டர்.

வேண்டுமென்றே அப்படிக் கட்டினாரா என்று பிறகு கேட்டேன். அவருக்குக் கேள்வியே புரியவில்லை. நன்றாகத்தான் கட்டியதாக நினைத்துக்கொண்டிருந்தார்.

முருகேசன் நூல் கட்டினான். எங்களை வேலை வாங்கினான். திட்டினான். மூன்றாம் நாள் தட்டைக் கொண்டுவந்து நீட்டி, "இன்னும் கொஞ்சம் சோறு போடுங்கண்ணே" என்றான். அன்று ஊருக்கு வீடியோ கால் போட்டு, பிள்ளைக்குச் சுவரைக் காட்டினான். அது சுவரைப் பார்க்காமல் அவன் மீசையைப் பார்த்துச் சிரித்தது.

தகராறு ஒருவழியாகத் தீர்ந்தது. நின்ற சம்பளம் வந்தது. முருகேசனை லீவு கொடுத்து அனுப்பிவிட்டு, பிறகு சலாலா சைட்டுக்கு மாற்றினார்கள். ஆனால் ஏசி வேலையை வெளியே கொடுத்துவிட்டதால், செனட்டரைக் கணக்கு முடித்து ஊருக்கு அனுப்பினார்கள். அவர் ஆபீசில் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மஸ்கட் ஏர்போர்ட்டுக்குப் போகும் வேனில் ஏறி உட்கார்ந்து, கண்ணாடியை இறக்கி, "எலெக்‌ஷன் வச்சு ஒரு ஆளத் தேர்ந்தெடுங்க. அடிச்சுக்காதீங்க" என்று மட்டும் சொன்னார்.

நாங்கள் எலெக்‌ஷன் வைக்கவில்லை. சமையலுக்கு முறை போட்டுக்கொண்டோம். புதிதாக வந்தவர்கள் மெஸ் லீடர் யார் என்று கேட்டால், லீவில் போயிருக்கிறார் என்று சொல்லிவிடுவோம்.