மேகத்தோடு பேரம்

"இறங்கி வா, ராசா. உனக்கும் வேணாம், எனக்கும் வேணாம், பாதியில முடிச்சுக்கலாம்."

திரைச்சீலைக் கடைக்காரர் மொட்டை மாடியில் நின்று மேகத்தோடு பேசிக்கொண்டிருந்தார். கையில் நூல்கண்டு. நூலின் அந்த முனையில் மகளுடைய காத்தாடி. நாளைக்குப் பள்ளிக்கூடக் கண்காட்சியில் வைக்க வேண்டியது. மேகத்தின் சூட்டை அளக்க அந்தக் காலத்து அறிஞர்கள் காத்தாடியில் வெப்பமானி கட்டி அனுப்பிய கதையை அதன் முதுகில் வண்ணப் பேனாவால் எழுதி முடித்துவிட்டு, மகள் கீழே தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் எழுவதற்குள் ஒரே ஒரு தரம் விட்டுப் பார்த்துவிட்டு, எடுத்த இடத்திலேயே வைத்துவிடுவதுதான் அப்பாவின் திட்டம்.

முதலில் காற்று தாலாட்டுகிற மாதிரிதான் வீசியது. காத்தாடி எழும்பியது. அந்த நேரம் பார்த்து, கடையில் பிரித்துப் போட்ட மெல்லிய வெள்ளைத் துணிபோல ஒரு மேகம் எதிர் மாடிவரைக்கும் இறங்கி எல்லாவற்றையும் மூடிவிட்டது. காத்தாடி தெரியவில்லை. விரலில் அதன் துடிப்பு மட்டும் தெரிந்தது. சின்ன வயசுக்குப் பிறகு அவருக்கு உடம்பு இப்படி லேசானதில்லை. காலுக்குக் கீழே மாடி இருப்பதே மறந்து போயிற்று.

ஆனால் இழுத்தால் வந்தால்தானே. ஒரு முழம் இழுத்தால் அது ஒன்றரை முழம் கேட்டது. விட்டுப் பிடிக்கலாம் என்று கொடுத்தார். கொடுத்ததை எல்லாம் வாங்கிக்கொண்டதே தவிர, மசியவில்லை. நூல்கண்டு காலியாயிற்று.

காய்ந்த துணி எடுக்க வந்த மனைவிக்குப் பார்த்ததுமே புரிந்துவிட்டது.

"பிள்ளையோட காத்தாடியா அது?"

"மெதுவா பேசு. எழுந்துடப் போறா."

"எழுந்து, எங்கேன்னு கேட்டா?"

"மேகத்துக்குக் காய்ச்சலான்னு பாக்கப் போயிருக்குன்னு சொல்லலாம்."

"காய்ச்சல் உங்களுக்குத்தான். இழுங்களேன்."

"அறுந்துடும்டி. இன்னும் நூல் வேணும். உன்கிட்ட கம்பளி நூல் இருக்குமே."

இருந்தது. அவருக்காகவே அவள் பின்னிக்கொண்டிருந்த ஸ்வெட்டர். வலது கை பிரிந்து மேகத்துக்குள் போனது. பின்னாலேயே இடது கையும் போனது. பொறுக்க மாட்டாமல் மனைவியும் சேர்ந்து பிடித்தாள். அவ்வளவுதான், அந்தப் பக்கத்து இழுப்பு இரண்டு மடங்காயிற்று.

"எமகாதகக் காத்தாடிங்க," என்றாள். என்றாலும் கண் பாதி மூடியிருந்தது. "ஏங்க, நாம கொஞ்சம் மேல போற மாதிரி இல்ல?"

"போறோம்," என்றார் அவர்.

படிக்கட்டில் காலடிச் சத்தம். மகள்தான் என்று இருவரும் மூச்சை அடக்கினார்கள். வந்தது எதிர்வீட்டுக்காரம்மா.

"அண்ணே, கொஞ்சம் விட்டுக் கொடுங்க," என்றாள் மூச்சு வாங்க. "உங்க காத்தாடியும் எங்க வீட்டுக்காரர் காத்தாடியும் சிக்கி, அறுந்து, அப்பவே தெருவுல விழுந்து, ரெண்டையும் உங்க பாப்பா எழுந்து வந்து எடுத்து வச்சாச்சு, நூலு ரெண்டும் மட்டும் மேல முடிச்சு விழுந்து கிடக்கு, அந்த முனையில இழுக்கிறது எங்க வீட்டுக்காரர்தான்."