தழைச்சாமி மேல் உட்கார்ந்த கதை

ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்து கோணலாக இருக்கும், நடுவில் மறந்தும் போகும். பொறுத்துக்கொள்ளுங்கள். அன்று பயந்த பயம் மட்டும் மறக்கவில்லை.

எங்களுக்குப் பெரம்பலூர்ப் பக்கம். மகளைப் பச்சைமலையில், இரண்டு மலைக்கு நடுவே பதினைந்து வீடு உள்ள ஊரில் கொடுத்திருந்தோம். அவளுக்கு ஏழாம் மாதம். தலைப்பிரசவத்துக்கு அனுப்பச் சொல்லி என் வீட்டுக்காரர் இரண்டு தடவை போய்க் கேட்டார். "இங்கயே பாத்துக்கறோம்" என்று சம்பந்தியம்மா திருப்பி அனுப்பிவிட்டார்.

"பொம்பளைக்குப் பொம்பளை நீ போய்ப் பேசிட்டு வா" என்று என்னைத் தள்ளிவிட்டார் இவர். (பக்கத்து வீட்டில் உப்புக் கேட்கவே வாசலில் கால்மணி நேரம் நிற்பவள் நான்.)

கல்யாணத்துக்கு வேனில் போனதோடு சரி, வழி தெரியாது. மாப்பிள்ளை போனில் சொன்னார்: "பஸ்ஸ உட்டு எறங்கி ஒத்தையடிப் பாதையில வாங்க அத்தை. பொளந்த பாறை வரும். அப்புறம் தழைச்சாமி. அங்க எடப்பக்கம் திரும்புனா ஊருதான்."

பாறை வந்தது. சாமி வரவில்லை. கோபுரம் இல்லை, வேல் இல்லை. உச்சிவெயில், ஆள் அரவமே இல்லை. புதரில் சரசரவென்றது. கரடி என்று நின்றேன். ஓணான். கால் நடுங்கிவிட்டது. ஆட்டுக்கு வெட்டிப் போட்டதுபோல் பாதையோரம் பச்சைத் தழை குவிந்து கிடந்தது. வெயிலுக்குப் போட்டிருந்த முக்காட்டை முகம்வரை இழுத்துவிட்டுக்கொண்டு அதன்மேல் உட்கார்ந்தேன்.

விறகுக்கட்டோடு இரண்டு பெண்கள் வந்தார்கள். ஆளுக்கொரு கிளையை ஒடித்தவர்கள், என்னைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றினார்கள்.

"ஏண்டி, சாமி மேலயே ஒக்காந்திருக்கே, யாருடி அது?"

"பேசாதடி. ஒடம்பு ஆடுது பாரு. எறங்கியிருக்குடி."

அப்போதுதான் விளங்கியது. பத்திரமாகப் போய்ச்சேர வேண்டும் என்று வழிப்போக்கர்கள் தழை போடும் அந்தக் குவியல்தான் சாமி! எழுந்து ஓடலாம் என்றால் உடம்பு கேட்கவில்லை. ஒருத்தி ஓடிப்போய் ஊரையே கூட்டிவந்துவிட்டாள். முன்னால் கற்பூரத்தட்டோடு என் சம்பந்தியம்மா.

"தாயே, யாரு வந்திருக்கிறது? என்ன கொறை வச்சோம்? சொல்லு, செஞ்சிடறோம்."

மூன்று நாளாக மனப்பாடம் செய்த பேச்சில் ஒன்றுதான் வாயில் வந்தது.

"எம் பொண்ண... அனுப்பிடுங்க."

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. அதை விலக்கிக்கொண்டு வயிற்றோடு வந்தாள் என் மகள். "அய்யோ, அம்மா! இதும்மேல எதுக்கும்மா ஒக்காந்திருக்க?"

சம்பந்தியம்மா என் முக்காட்டை விலக்கிப் பார்த்தார். சாமி குத்தம் என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது, மகளை ஜென்மத்துக்கும் அனுப்பமாட்டார். அவர் ஊரை ஒரு பார்வை பார்த்தார். உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார்.

"எங்க ஒக்காந்து கேக்கணுமோ அங்க ஒக்காந்து கேட்டுட்டீங்க சம்பந்தி. செஞ்சிடறேன்னு வாயையும் குடுத்துட்டேன். கூட்டிட்டுப் போங்க."

அன்று மகள் வயிற்றிலிருந்த பேத்தி இப்போது மூன்றாம் வகுப்பு. வீட்டில் எந்தக் காரியம் இழுத்தடித்தாலும் அவள்தான் சொல்வாள், "அம்மாயியத் தழை மேல ஒக்கார வைங்க, நடந்துடும்."

ஆனால் 'அனுப்பிடுங்க' என்று நான் மலையே அதிரக் கத்தியதாக அந்த ஊரில் சொல்கிறார்களாம். முனகியதாகத்தான் எனக்கு ஞாபகம். அன்று அங்கே இருந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், எது சரி என்று கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்.