சந்தேகப் பட்டியலில் ஒரு வண்டி

தூணுக்கும் வண்டிக்கும் நடுவில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று பார்க்க வேண்டிய நேரத்தில், காரைப் பின்னால் எடுத்தபடியே காப்பீட்டு நிறுவனத்தின் கிளெய்ம் அதிகாரி ஒரு வாடிக்கையாளருக்குப் போனில் நேர்மையைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார்.

"யாரோ இடிச்சிட்டு ஓடிட்டான்னு எல்லாரும்தான் சொல்றாங்க. அதுக்குத்தான் வண்டியில கேமரா மாட்டுங்கன்னு தலைப்பாடா அடிச்சுக்கறோம். கேமரா பொய் சொல்லாது சார்!"

பின்பக்க எச்சரிக்கை மணி வீல் வீலென்று கத்தியது. பிரேக்கை ஓங்கி மிதித்தார். பதற்றத்தில் வண்டியை முன்னால் நகர்த்திவிட்டு இறங்கிப் போய்ப் பார்த்தார். பின்பக்க பம்பரின் வலது ஓரத்தில் கிண்ணம் அளவுக்கு ஒரு பள்ளம்.

வண்டிக்கு முன்னும் பின்னும் கேமரா மாட்டினால் பிரீமியம் குறையும், பொய்க் கிளெய்மும் ஒழியும் என்ற திட்டமே அவர் மூளையில் உதித்ததுதான். மறுநாள் பதினொரு மணிக்கு இயக்குநர்கள் முன்னால் அதை விளக்கப்போவதும் அவர்தான். மாதிரிக்குக் காட்டப்போவது அவருடைய சொந்த வண்டியின் பதிவு. எல்லாம் நல்லபடியாக முடிந்தால் பதவி உயர்வு.

கேமராவிலிருந்து மெமரி கார்டை உருவிப் பையில் போட்டுக்கொண்டார்.

"கார்டு இல்லை. கார்டைச் செருகவும்" என்றது கேமராவுக்குள்ளிருந்த பெண்குரல். ஒவ்வொரு சிக்னலிலும் சொன்னது. பக்கத்து ஆட்டோவில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். கைக்குட்டையால் மூடினார். "பார்வை மறைக்கப்பட்டுள்ளது" என்றது அதே குரல், இன்னும் கொஞ்சம் கண்டிப்பாக. பொறுமை போய் வயரைப் பிடுங்கினார்.

நிம்மதி இரண்டு நிமிடம்தான். அலுவலகத்தில் கேமராக்களைக் கண்காணிக்கும் பிரிவிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள்.

"சார், உங்க வண்டி சந்தேகப் பட்டியல்ல வந்திருக்கு. கார்டை உருவி, லென்ஸை மூடி, வயரையும் பிடுங்கினா மோசடி முயற்சின்னு ரூல் இருக்கு."

"எந்த மடையன் போட்ட ரூலும்மா அது?"

"நீங்கதான் சார்."

வீட்டு வாசலில் மனைவி நின்றிருந்தாள். அவர் வண்டியை நிறுத்தி முடிப்பதற்குள் பின்பக்கம் போய்விட்டாள்.

"ஐயய்யோ! யாருங்க இடிச்சது?"

"யாரோ பைக்காரன். இடிச்சிட்டு நிக்காமப் போயிட்டான்."

கால் மணி நேரம் தாமதமாக வந்தாலே குறுக்கு விசாரணை செய்கிறவள், இதைக் கேட்டதும் சட்டென்று தலையாட்டினாள்.

"அப்படித்தான் இருக்கும்! கறுப்பு ஹெல்மெட்டா?"

"ஆ... ஆமா."

"அவனுங்க அதைத்தான் போடுவானுங்க. நம்ம வீட்ல யார் மேலயும் தப்பில்ல. உடனே கிளெய்ம் போடுங்க."

"சின்ன அடிதானே, விட்டுடலாமே..."

"விட்டா நாமதான் இடிச்சோம்னு ஆயிடும். போனைக் குடுங்க, நானே டைப் அடிக்கிறேன்."

அவள் தட்டத் தட்ட, இல்லாத பைக்காரனுக்குச் சிவப்புச் சட்டையும் திமிரான பார்வையும் வந்து சேர்ந்தன. 'மேற்கண்டவை அனைத்தும் உண்மை' என்ற கட்டத்தை மட்டும் அவர் தட்ட வேண்டியிருந்தது. பதினெட்டு வருடமாக ஊரார் பொய்களைப் பிடித்த விரலாலேயே அதைத் தட்டினார்.

பத்தாவது நிமிடம் மேலாளர் கூப்பிட்டார்.

"பிரமாதம்யா! நம்ம கேமராவுல சிக்கின முதல் ஆள்! நாளைக்குப் பெரிய திரையில போட்டுடலாம். சிவப்புச் சட்டை நல்லாத் தெரியுமில்ல? ஆமா, வயர் எப்படிக் கழண்டுச்சு?"

"அதுவும்... அவன்தான் சார்."

"பைக்ல போய்க்கிட்டேவா? பெரிய கைகாரனா இருப்பான் போலிருக்கே! போலீஸ்லயும் சொல்லிவைக்கிறேன்."

மறுநாள் காலை, கேமரா மாட்டித் தந்த மெக்கானிக் ஷட்டரைத் தூக்கும்போதே அதிகாரி அங்கே நின்றிருந்தார். தூண், பைக்காரன், சிவப்புச் சட்டை என்று ஒன்று விடாமல் கொட்டித் தீர்த்தார். நேற்றிலிருந்து அவர் பேசிய முதல் உண்மை அது.

"கார்டுல இருக்கறதை அழிச்சிட்டு, பதிவு கெட்டுப்போச்சுன்னு ஒரு சீட்டு எழுதிக் குடுப்பா. ஜென்மத்துக்கும் மறக்க மாட்டேன்."

மெக்கானிக் கார்டைக் கணினியில் செருகினான். பார்த்தான். பின்னால் ஓட்டி மறுபடியும் பார்த்தான். தலையைச் சொறிந்தான்.

"எதை சார் அழிக்கறது? நீங்க தூணைத் தொடவே இல்லையே, நடுவுல ஒரு முழம் இடம் கெடக்கு. அந்தப் பள்ளம் முந்தாநாள் மேடம் சுவத்துல இடிச்சது, அதை அன்னிக்கே அழிச்சுக் குடுத்துட்டேனே!"