அமாவாசையில் படுக்கும் கம்ப்யூட்டர்

கோலார் தங்கவயல் ராபர்ட்சன்பேட்டையில் இப்போ டாக்டரைவிடக் கூட்டம் சம்பங்கிக்குத்தான். 'சிஸ்டம் சித்தர்' என்று பேர். ஜெராக்ஸ் கடைக்காரர், ஸ்டூடியோக்காரர், டியூஷன் சென்டர்காரர் எல்லாரும் கம்ப்யூட்டரை இடுப்பில் இடுக்கிக்கொண்டு அவர் வீட்டு வாசலில் வரிசை கட்டுவார்கள். ஜனங்களையும் குத்தம் சொல்வதற்கில்லை. தாத்தா காலத்தில் தங்கச் சுரங்கத்தில் ஆள் இறக்கும் கேஜ் கூண்டு இறங்குமுன் முனீஸ்வரனுக்கு எலுமிச்சம்பழம் வெட்டினார்கள். பேரப்பிள்ளைகள் கம்ப்யூட்டரில் சாஃப்ட்வேர் இறங்குமுன் வெட்டுகிறார்கள். எவ்வளவு முன்னேறிவிட்டோம் பாருங்கள்.

முதலாளி வேணுகோபாலின் ஆபீசுக்கு அவர்தான் ஆஸ்தான குரு. ஆஸ்பத்திரி பில்களை டைப் அடிக்கிற ஆபீஸ், மாடி முழுக்க நாற்பது கம்ப்யூட்டர். ஒவ்வொன்றுக்கும் ஒரு நட்சத்திரமாம். அதனதன் நல்ல நேரத்தில், மஞ்சள் துணியைப் போர்த்தி, உள்ளே தலையை விட்டு, சித்தரே பென் டிரைவைச் சொருகி சாஃப்ட்வேர் ஏற்றுவார். ஒரு நாளைக்கு ஒரே ஒரு மெஷின். வேறு யாராவது கை வைத்தால் சாமி குத்தம், அமாவாசையன்று பில் புரோகிராம் திறக்காது என்பார். திறக்கவும் திறக்காது, சொல்லி வைத்த மாதிரி. அவர் வந்து விபூதி தூவி, துணிக்குள் தலையை விட்டு, தட்சிணை வாங்கிக்கொண்டால் திறந்துகொள்ளும்.

ஷிப்ட் சூப்பர்வைசர் இந்து இதை முழுசாக நம்பினாள். அவள் வைத்த குங்குமத்தில் கீபோர்டே பாதி எழுத்து மறைந்து கிடந்தது.

பில் வேலை கொடுக்கிற பெங்களூர் கம்பெனி மட்டும் நட்சத்திரம் பார்க்கவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் எல்லா மெஷினிலும் புது சாஃப்ட்வேர் ஏறணும், இல்லாவிட்டால் வேலையை வேறு ஊருக்குக் கொடுத்துவிடுவோம் என்று சொல்லிவிட்டது. சித்தர் கணக்குப்படி பொங்கல் தாண்டும். இந்த வேலை கிடைக்கும்வரை விடியுமுன்னே பெங்களூர் ரயிலைப் பிடித்து ஓடியவள் இந்து. மகள் முழித்திருந்து பார்த்ததே ஞாயிற்றுக்கிழமைகளில்தான். மறுபடி அந்த ரயிலா என்று நினைத்தாலே அவளுக்கு அழுகை வந்தது.

புதுசாகச் சேர்ந்த சிஸ்டம் இன்ஜினியர் சுமா, தன் சீட்டில் உட்கார்ந்தபடியே நாற்பதுக்கும் ஒரே தடவையில் அனுப்பிவிடலாம் என்றாள். வேணுகோபால் காதைப் பொத்திக்கொண்டார். அப்படியானால் முதலில் ஒரு சோதனை செய்து காட்டுகிறேன் என்றாள் அவள்.

வியாழக்கிழமை காலை. நல்ல வளர்பிறை. அன்றைய மெஷினுக்கு பூஜை போட சித்தரும் வந்திருந்தார். அவர் கண்ணெதிரிலேயே சுமா ஒரு கம்ப்யூட்டரின் தேதியை அடுத்த அமாவாசைக்கு மாற்றினாள். பில் புரோகிராம் பொட்டென்று மூடிக்கொண்டது. என்ன தட்டினாலும் திறக்கவில்லை. தேதியை இன்றைக்குத் திருப்பினாள். சமத்தாகத் திறந்தது.

சித்தர் மஞ்சள் துணியைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டார். "அமாவாசைக்கு சக்தி அதிகம்மா. தேதியைப் போட்டாலே போதும், வேலை காட்டிடும்," என்றார்.

இந்து எழுந்தாள். "இன்னா சாமி, இன்னிக்கு இன்னா தேதின்னு வானத்துல கீற நிலாவுக்குத் தெரியாதா? இந்தப் பொட்டியப் பாத்துத்தான் அது தெரிஞ்சிக்குதா?"

சுமா உள்ளே நோண்டி, மஞ்சள் துணி மறைவில் சித்தர் ஏற்றிவைத்த குட்டிப் புரோகிராமை எடுத்துக் காட்டினாள். அமாவாசைத் தேதி வந்தால் பூட்டும், சித்தரின் பென் டிரைவைச் சொருகினால் திறக்கும். நாற்பதிலும் அதே பூட்டு. சித்தர் ராகுகாலமா, எமகண்டமா என்றுகூடப் பார்க்காமல் படியிறங்கி ஓடினார்.

சுமா ஒரு பட்டனைத் தட்டினாள். டீ ஆறுவதற்குள் நாற்பதிலும் அந்தத் திருட்டுப் பூட்டு ஒழிந்து, புது சாஃப்ட்வேர் ஏறி உட்கார்ந்தது. ரோகிணி, கார்த்திகை என்ற பேதமெல்லாம் கிடையாது, எல்லாம் ஒரே மாதிரி ஓடின. இந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

வேணுகோபால் மெதுவாக சுமா பக்கம் நகர்ந்து, இனிமேல் இப்படி ஏமாறாமல் இருக்க ஏதாவது சாஃப்ட்வேர் கிடைக்குமா என்று கேட்டார்.

இந்து முந்திக்கொண்டாள். "பொட்டிங்களுக்குன்னா ஒரே எடத்துல இருந்து எல்லாத்துக்கும் அனுப்பிடலாம் சார். மண்டைக்கு அப்படி அனுப்ப முடியாது. அவங்கவங்கதான் ஏத்திக்கணும்."