எட்டாம் எண் கட்டடத்தின் அஸ்திவாரம்

சகலமானவர்களுக்கும் தெரிவிப்பது: 1979-ஆம் ஆண்டு ஜூலை மாதம் ஒரு திங்கட்கிழமை, காலை பத்தேகால் மணிக்கு, காரைக்காலில் கட்டடக்கலை பிறந்தது. அதற்கு முன் இந்த ஊரில் எழும்பியதெல்லாம் ஏதோ தற்செயலாக நின்றுகொண்டிருந்தவை.

பிரசவம் பார்த்தவர் கட்டடப் பிரிவு இஞ்சினீயர் அடைக்கலராஜ். டெல்லியில் பத்து நாள் பயிற்சி முடித்துவிட்டு வந்திருந்தார்.

"இனிமே சிமெண்டு எத்தனை மூட்டை, செங்கல் எத்தனை லோடுன்னு எவனும் எங்கிட்ட வரக்கூடாது. கட்டடம்னா அஞ்சு உறுப்பு. அஸ்திவாரம், சுவர், கூரை, தரை, கதவு-ஜன்னல். பழைய பில்லையெல்லாம் பிரிச்சு, சதுர மீட்டருக்கு ஒவ்வொரு உறுப்பும் என்ன ஆச்சுன்னு கார்டு போடணும். நாளைக்கே ஒரு பள்ளிக்கூடம் கட்டணும்னா, பிளான் போடறதுக்கு முன்னாடியே பத்து நிமிஷத்துல விலை சொல்லிடலாம். புரியுதா பிலோமின்ராஜ்?"

ஓவர்சீயர் பிலோமின்ராஜ் புரியாதபோது மட்டும் வேகமாகத் தலையாட்டுவார். இப்போது மிக வேகமாக ஆட்டினார்.

"வெள்ளிக்கிழமை பாண்டிச்சேரிலேர்ந்து தலைமை இஞ்சினீயர் வர்றார். தப்பு வந்துச்சு, யானத்துக்கு மாத்தி எழுதிடுவேன்."

யானம் ஆந்திராவுக்கு நடுவில் கிடந்தாலும் அதுவும் பாண்டிச்சேரி அரசுதான். காரைக்கால் சிப்பந்திகளைப் பயமுறுத்த அதைவிட நல்ல ஊர் இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை.

அன்று மாலை கோவில்பத்து வீட்டில் பிலோமின்ராஜின் மனைவி சலோமி தெளிவாகச் சொல்லிவிட்டாள். "யானமா? நீங்க போயிட்டு வாங்க. தெலுங்குல பேரம் பேசி மீன் வாங்க என்னால ஆவாது."

பிலோமின்ராஜ் செருப்புக்கடையில் ஐந்து அட்டைப்பெட்டி வாங்கி, உறுப்புக்கு ஒன்றாகப் பெயர் எழுதி ஒட்டினார். பழைய பில்கள் பன்னிரண்டு. எதிலும் கட்டடத்தின் பெயர் கிடையாது. வேலை எண் மட்டும்தான்.

செவ்வாய்க்கிழமையே மாடிப்படி வழியை மறித்தது.

"சார், படி கூரையா, தரையா?"

அடைக்கலராஜ் நாற்காலியில் சாய்ந்தார். அவர் தலைக்கு மேலே சுவர் விரிசலைக் கொத்தனார் மாரிக்கண்ணு பூசிக்கொண்டிருந்தார். வருடா வருடம் அதிகாரி வரும்போதெல்லாம் பூசுகிற விரிசல்தான்.

"ஏறும்போது தரை. இறங்கும்போது... பாதிப்பாதியாப் போடுய்யா!"

வியாழக்கிழமை எண்ணினால், நான்கு பெட்டியில் தலா பன்னிரண்டு கார்டு; அஸ்திவாரப் பெட்டியில் பதினொன்று. எட்டாம் எண்ணுக்கு இல்லை.

"பில்லுலயே அஸ்திவாரம் இல்லீங்க சார்."

"அஸ்திவாரம் இல்லாத கட்டடம் உலகத்துல உண்டா? பில்லுல ஒரு தாளைத் தொலைச்சுட்டு எங்கிட்ட கதை விடறியா? மத்த பதினொண்ணுக்கும் சராசரி பார்த்துப் போடு!"

போட்டார். மொத்தம் பில்லைத் தாண்டியது. சுவரில் கொஞ்சம் கழித்தார், சுவர் தட்டியானது. கூரையில் கழித்தார், கூரை பாதிதான் மூடியது. வேறு வழியில்லாமல் கதவு-ஜன்னலில் கைவைத்தார். சாயங்காலத்துக்குள் எட்டாம் எண் கட்டடம் பிரமாதமான அஸ்திவாரத்தோடும் ஒரு கதவுகூட இல்லாமலும் நின்றது.

வெள்ளிக்கிழமை மாடி அறையில் முப்பது பேர் நெருக்கியடித்தார்கள். விரிசல் ஈரமாகவே இருந்ததால் அதன்மேல் 'ஐந்து உறுப்புகள்' என்று பெரிய சார்ட் தொங்கியது. அடைக்கலராஜ் நாற்பது நிமிடம் பேசினார். தலைமை இஞ்சினீயர் கொட்டாவியை விழுங்கிக்கொண்டு பெட்டிக்கு ஒன்றாக ஐந்து கார்டுகளை எடுத்தார். எல்லாம் எட்டாம் எண்.

"கதவே இல்லாம உள்ள எப்படிப் போறது?"

"அஸ்திவாரம் பலமா இருக்குங்க சார்" என்றார் பிலோமின்ராஜ், வேறெதுவும் தோன்றாமல்.

அறை சிரித்தது. அடைக்கலராஜ் சிரிக்கவில்லை. "இவன் பில்லுத் தாளைத் தொலைச்சுட்டான் சார். யானத்துக்கு எழுதியாச்சு."

"தொலைக்கலீங்க சார்! பில்லுல அஸ்திவாரமே இல்ல. சராசரி போடச் சொன்னது அவருதான்!"

தலைமை இஞ்சினீயர் கண்ணாடியைக் கழற்றினார். "பில்லு சரின்னா நீங்க இங்கயே இருக்கலாம். இல்லைன்னா யானம். அந்த வேலை பார்த்தவங்க யாராவது இருக்காங்களா?"

வாசற்படியில் கரண்டியோடு நின்ற கொத்தனார் மாரிக்கண்ணு கையைத் தூக்கினார். "எட்டாம் நம்பரா? அந்த வேலையப்பதாங்க என் மூத்தவ பொறந்தா. பில்லு சரிதாங்க. பழைய உப்புக் கிடங்கோட தரை கெட்டியாத்தானே இருக்கு, அதுமேலயே சுவரை எழுப்புன்னு சொல்லிட்டாங்க. அஸ்திவாரம் போடவே இல்ல."

பிலோமின்ராஜுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. சலோமி இனி தமிழிலேயே மீன் வாங்கலாம்.

அடைக்கலராஜ் விடவில்லை. சார்ட்டின்மேல் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். "பொய்! அஸ்திவாரம் இல்லாம ஒரு கட்டடம் பத்து வருஷம் நிக்குமா? எங்கய்யா இருக்கு அது? இப்பவே காட்டு, போய்ப் பார்ப்போம்!"

"போவ வேணாங்க. சுவரைத் தட்டாம, ரெண்டு ரெண்டு பேரா மெதுவா இறங்குங்க."