பதினோரு மாதமாகச் செல்போன் வாங்குகிறவர்

நம்மூரில் ஓர் இனம் உண்டு. எதையும் ஆராய்ந்து வாங்குகிற இனம். ஆராய்ச்சி முடிந்தால்தானே வாங்குவதற்கு! இவர்களைத் தெருமுனையில் கண்டாலே கடைக்காரர்கள் சாப்பாட்டு நேரம் என்று ஷட்டரை இறக்கிவிடுவார்கள்.

திண்டுக்கல்லில் இந்த இனத்துக்குத் தலைவர் ஸ்தனிஸ்லாஸ் வாத்தியார். 2004இல் ஊரே செல்லும் கையுமாகத் திரிந்தபோது, இவர் மட்டும் பதினோரு மாதமாக நாற்பது பக்க நோட்டும் கையுமாகத் திரிந்தார். “ஊரு மெச்ச வாங்கப்படாதப்பு, நம்ம தேவைக்கு வாங்கணும்” என்பார். தேவைகள் கொஞ்சமா? சட்டைப்பையில் கண்ணாடிக் கூட்டோடு சண்டை போடாமல் இருக்க வேண்டும், கரண்ட் போனால் வெளிச்சம் அடிக்க வேண்டும், வண்டியிலிருந்து விழுந்தாலும் உயிர் போகக் கூடாது, பஜ்ஜி தின்ற விரலுக்கு வழுக்கக் கூடாது. கனம் தெரிய வேண்டுமென்று மளிகைக்கடை மைதீன் பிச்சையின் செல்லை அவர் தராசிலேயே வைத்து, எதிர்த்தட்டில் மல்லி போட்டு நிறுத்துப் பார்த்தார். பாவம், பிச்சை.

இதற்கிடையில் மருமகள் நான்சி தலைப்பிரசவத்துக்குக் கன்னிவாடித் தாய்வீட்டுக்குப் போனாள். மகன் அமலனும் கூடப் போனான். “பிள்ளையோட மொத அழுகைய நான்தான் மொதல்ல கேக்கணும்லே. பொறந்ததும் எனக்கு அடிச்சு, செல்ல அது வாய்கிட்டப் பிடி” என்று அவனிடம் ஆசையாகச் சொல்லி அனுப்பினார். அப்படியானால் குரல் தெளிவு முக்கியமல்லவா? தெருவில் யார் செல் கிடைத்தாலும் வாங்கித் தன் வீட்டு லேண்ட்லைனுக்கே அடிப்பார். மனைவி அன்னாள் எடுத்து ஒரு ஜெபமாலை முழுக்க, ஐந்து தேவரகசியமும் விடாமல் சொல்ல வேண்டும். ஒரு சொல் தேய்ந்தாலும் அந்த மாடல் தள்ளுபடி.

அன்றும் பிச்சையின் செல்லோடு வாசலில் நின்றார்.

“அன்னாள், கேக்குதா?”

“சன்னல் வழியாவே கேக்குதுங்க! வெஞ்சனம் தீயுது!”

“தீயட்டும். நாலாவது தேவரகசியத்தச் சொல்லு.”

அப்போது பக்கத்து வீட்டுக் காத்தமுத்து ஓடிவந்தார். கடைக்குப் போன ஐந்தாவது நிமிடம் செல் வாங்கித் திரும்பிய புண்ணியவான்.

“சார், பேத்தி பொறந்திருக்கா! ஒங்க வீட்டு லைனு அரை மணி நேரமா எங்கேஜ்டாம். அமலன் என் செல்லுக்கு அடிச்சாப்ல. பிள்ள அழுதுச்சு பாருங்க, அம்புட்டுக் கணீர்னு!”

வாத்தியாருக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆசைப்பட்ட அழுகை அடுத்த வீட்டுக்காரர் காதுக்குப் போய்விட்டதே! உள்ளே அன்னாள் ரிசீவரைப் போட்டுவிட்டு, சந்தோஷமும் ஆத்திரமுமாக ஓவென்று அழுதாள். வாத்தியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு நோட்டைத் திறந்தார்.

“கணீர்னா கேட்டுச்சு? என்ன மாடலுங்க அது?”

சிரிக்கிறீர்களாக்கும். போன வாரம் கடையில் மூன்று மணி நேரம் நின்று, “அடுத்த மாசம் புதுசு வருதாமே” என்று கேட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பியது யார்? சரி, நான் யாரிடமும் சொல்லமாட்டேன். வீட்டு லைனை மட்டும் செத்த நேரம் சும்மா விடுங்கள். யாரோ ரொம்ப நேரமாக உங்களுக்கு அடித்துக்கொண்டிருக்கிறார்கள்.